மாண்டிசோரி அம்மையார் சரித்திரம்

நம் சங்கத்து அங்கத்தினர் பலர் தங்கள் குழந்தைகளுக்கு மூன்று வயது நிரம்பியதும், மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை தாங்கிய பாடசாலைகளிற் சேர்த்து வருகின்றனர். சேர்க்க ஆசையிருந்தும், சம்பளத் தொகையைக் கேட்டமாத்திரத்தில் திரும்பி வருவோரும் நம்மிற் பலருளர். இக்காரணத்தால், அது ஏதோ தனவந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்ட கல்விமுறை என்னும் எண்ணம் நம்மவருள் வேரூன்றிவிட்டது. அப்பெயருக்குரிய அம்மையார் தம் முறையை எங்கே, எவருடைய மக்களிடத்தில், எவ்விதமாகக் கண்டறிந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின், அவ்வம்மையாரின் வாழ்க்கையை இத்திங்கள் நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி, இத்தாலி தேசத்தில் அங்கோனா மாகாணத்தைச் சேர்ந்த கியாராவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்து மூன்று வாரங்களுக்குள்ளாகவே ரோமாபுரி புதிய இத்தாலிய ராஜ்யத்தோடு சேர்ந்தது. தந்தை அலெஸ்ஸாந்த்ரோ, புகையிலைத் தொழிற்சாலைகளின் கணக்கு வழக்குகளை மேற்பார்க்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய ஆசாரங்களில் பற்றுடையவர். தாய் ரெனில்தே கற்றறிந்தவர், புத்தகங்களிற் பிரியமுள்ளவர். மரியா அவர்களுக்கு ஒரே புதல்வி. 1875-இல் இக்குடும்பம் ரோமாபுரியிற் குடியேறியது.

அந்நாளில் இத்தாலியப் பெண்கள் படித்து உத்தியோகம் பார்க்க வேண்டுமாயின், ஆசிரியைத் தொழில் ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்தது. மரியாவோ அதனை வேண்டாமென்று தள்ளி, ஆண்பிள்ளைகள் பயிலும் தொழிற்கல்விப் பள்ளியிற் சேர்ந்து கணிதம் கற்றார். முதலில் இஞ்சினீயராக எண்ணியவர், பிறகு வைத்தியக் கல்வியில் மனம் வைத்தார். தந்தையார் இணங்கவில்லை, தாயார் துணை நின்றார். 1890-இல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்து, அதனை முடித்துப் பின் வைத்தியப் பிரிவினுள் நுழைந்தார். ஆடவரோடு கூடியிருந்து பிரேதங்களை அறுத்துக் கற்றல் ஒரு பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டமையால், மற்ற மாணவர் போன பிறகு, மாலை வேளையிலே தன்னந்தனியாய் அவர் அவ்வேலையைச் செய்ய நேர்ந்தது. நாற்றம் பொறாமற் புகையிலைச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு செய்தார் என்பர். 1896 ஜூலை மாதத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் பட்டம் பெற்ற முதற் பெண் வைத்தியர் இவரே என்று பல நூல்களில் எழுதியிருக்கிறது. அது சரியன்று; இவருக்கு முன்னும் சிலர் பெற்றிருந்தனர். அதனால் இவர் பெருமை குறைந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே பெர்லின் நகரத்தில் கூடிய மாதர் மகாநாட்டிற்குச் சென்று, ஆணும் பெண்ணும் ஒரே வேலைக்கு ஒரே கூலி பெறல் வேண்டுமென்று வாதாடினார்.

பட்டம் பெற்றபின் சர்வகலாசாலையின் மனநோய் வைத்தியப் பகுதியில் உதவியாளராக வேலை பார்த்தார். அவ்வேலையின் பொருட்டு நகரத்து மனநோய் வைத்தியசாலைகளுக்குப் போய்வருவது வழக்கம். அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியரையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தனர். ஓரிடத்தில், வெறுமையான ஓர் அறையில் சில குழந்தைகள் இருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவற்காரி அருவருப்போடு எடுத்துக் கூறினாள். அம்மையார் நோக்கினார். அறையிற் கையால் தொட்டுப் பார்க்க வேறொரு பொருளும் இல்லை. வயிற்றுப் பசியால் அன்று, கைக்கும் கண்ணுக்கும் வேலையில்லாத ஏக்கத்தினாலேயே அவர்கள் அத்துணுக்குகளைத் தேடுகின்றனர் என்று அவருக்குத் தோன்றியது. இக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்து மட்டுமன்று, கல்வியே என்ற முடிவுக்கு வந்தார்.

பிரான்சு தேசத்து இத்தார், செகேன் என்னும் இரு வைத்தியர்கள், செவிடரும் அறிவு குன்றியவருமான சிறார்க்குக் கல்வி புகட்ட முயன்று எழுதிய நூல்கள் அக்காலத்தில் மறக்கப்பட்டுக் கிடந்தன. அம்மையார் அவற்றைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லின் பொருளும் மனத்திற் படிய வேண்டுமென்று, தம் கையாலேயே இத்தாலிய பாஷையில் பெயர்த்தெழுதினார். 1900-ஆம் ஆண்டில் இத்தகைய சிறார்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்காக ரோமாபுரியில் ஒரு பள்ளி ஏற்பட்டபோது, அதன் தலைமையை ஜியுசெப்பே மாண்டிசானோ என்னும் வைத்தியரோடு சேர்ந்து ஏற்றுக்கொண்டார். பகலெல்லாம் குழந்தைகளோடு இருந்து, இரவில் குறிப்பெழுதி, புதிய கருவிகளை அமைத்து உழைத்தார். வைத்தியசாலையிலிருந்து வந்த குழந்தைகளிற் சிலர் எழுதப் படிக்கக் கற்றுப் பொதுப் பள்ளிப் பரீட்சையில் மற்றக் குழந்தைகளோடு தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுள்ள குழந்தைகள் இந்த அளவு எட்டுவாராயின், குறையொன்றுமில்லாத குழந்தைகள் பொதுப் பள்ளிகளில் இதே அளவில் நிற்பதற்குக் காரணம் யாது? அவர்கள் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது எது? இக்கேள்வி அவரை விடவில்லை.

இவ்விடத்தில் அம்மையாருடைய சொந்த வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. மேற்சொன்ன மாண்டிசானோவுக்கும் இவருக்கும் 1898 மார்ச்சு 31-இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. அக்காலத்தில் மணமாகாத பெண்ணொருத்தி தாயானாள் என்பது வெளிப்பட்டிருந்தால், அவருக்கு வைத்தியத் தொழிலும் இல்லை, சர்வகலாசாலையும் இல்லை. குழந்தை மரியோ கிராமத்திலே ஒரு குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டான். தாய் அவ்வப்போது சென்று பார்ப்பார். தாம் யார் என்பதைச் சொல்லார். 1901-இல் மாண்டிசானோ வேறொருத்தியை மணந்துகொள்ள, அம்மையார் அப்பள்ளியை விட்டு நீங்கினார். பிறர் பெற்ற குழந்தைகளின் மனத்தை உலகத்தார்க்குக் காட்டிய மாது, தம் சொந்தக் குழந்தை தவழ்ந்ததையும் நடந்ததையும் பேசியதையும் அருகிருந்து காணவில்லை. அவரைக் குறை சொல்வார் சொல்லட்டும். நம் பக்கத்து ஊர்களில் இத்தகைய நிலையில் ஒரு பெண்ணை நாம் எவ்விதம் நடத்தியிருப்போம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி ஸான் லொரென்ஸோவுக்கு வருவோம். இவர் சரித்திரத்தில் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

ரோமாபுரியில் 1880-ஐ அடுத்த ஆண்டுகளில் வீடு கட்டும் வியாபாரம் வெறிபிடித்தாற்போல் நடந்தது. பிறகு கடன் கொடுத்த பாங்கிகள் கவிழ, கட்டடங்கள் அரைகுறையாய் நின்றுபோயின. நகரத்து மயானத்துக்கு அருகிலுள்ள ஸான் லொரென்ஸோ என்னும் பகுதியில் இப்படி நின்ற கட்டடங்களில் ஏழைகள் புகுந்து குடியேறினர். நம் பட்டணங்களில் நாம் காணும் ஒண்டுக்குடித்தனங்களைக் காட்டிலும் மோசமான நெருக்கம். ஓர் அறைக்குள் பல குடும்பங்கள், வெளிச்சமில்லை, தண்ணீரில்லை, திருட்டும் வியாதியும் நிறைந்த இடம் என்று பெயர். ரோமாபுரி நல்ல கட்டடச் சங்கம் என்று நாம் சொல்லத்தக்க ஒரு கம்பெனி, எதுவார்தோ தாலமோ என்பவர் தலைமையில், இக்கட்டடங்களை வாங்கிப் பழுது பார்த்து, குறைந்த குடிக்கூலிக்கு விட்டது. கூலிவேலை செய்யும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

அப்போது ஒரு தொல்லை தலைகாட்டிற்று. தாய் தந்தையர் இருவரும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவர். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்க்குப் பள்ளிக்கூடம் உண்டு. அதற்குட்பட்டவர்க்கு ஒன்றுமில்லை. அக்குழந்தைகள் மாடிப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் திரிந்து, புதிதாய் வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. தாலமோ கணக்குப் பார்த்தார். ஆண்டுதோறும் சுவரைப் பழுதுபார்க்கச் செலவாகும் பணத்தைக் கொண்டு, கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கி, ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தி, இக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். இந்தக் கணக்கிலிருந்துதான் உலகம் புகழும் அந்தப் பள்ளி பிறந்தது. தர்மம் செய்ய வேண்டுமென்ற எண்ணத்தினும், சுண்ணாம்புச் செலவை மிச்சப்படுத்தும் எண்ணமே முந்தி நின்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரன் லாபமும் ஏழைக் குழந்தையின் நன்மையும் ஒரே இடத்திற் சந்திப்பது அபூர்வம். சந்தித்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர் அம்மையார்.

தாலமோ அழைத்தபோது, சர்வகலாசாலையில் உபந்நியாசம் செய்துகொண்டிருந்த ஒரு வைத்தியர் இவ்வேலையை ஏற்பது கௌரவக் குறைவென்று தோழர் சிலர் கருதினர். அம்மையார் ஐந்தாறு ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த வாய்ப்பு அது. குறையற்ற சிறு குழந்தைகள் அவர் கைக்கு வந்தனர். 1907 ஜனவரி 6-ஆம் தேதி, மார்ஸி வீதியில் 58-ஆம் எண்ணுள்ள கட்டடத்தில், குழந்தைகள் இல்லம் என்ற பெயரோடு அவ்வறை திறக்கப்பட்டது. சுமார் ஐம்பது குழந்தைகள் வந்தனர். புதிய இடத்தைக் கண்டு மிரண்டு, அழுது, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றனர். முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை அகப்படவில்லை. கட்டடத்து வாயிற்காவலர் வீட்டுப் பெண் ஒருத்தியே முதலில் பொறுப்பேற்றாள். பள்ளிச் சாமான் வாங்கப் பணமில்லை. ஆபீசுக்குரிய சில சாமான்களே கிடைத்தன. இந்த வறுமையால் ஒரு நன்மையும் விளைந்தது. பெஞ்சுப் பலகைகளில் குழந்தைகளை வரிசையாய் அடைத்து வைக்க அங்கே பெஞ்சுகளே இல்லை.

அவ்வில்லத்தின் விதிகளை நம் சங்கத்தார் கவனித்தல் வேண்டும். பெற்றோர் தனியாகச் சம்பளம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையுடுத்திக் குறித்த நேரத்துக்கு அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையைக் கண்டு பேச வேண்டும். சுத்தமின்றி வருகின்ற குழந்தைக்கும், ஆசிரியையை அவமதிக்கும் பெற்றோரின் குழந்தைக்கும் இடமில்லை. ஆசிரியை அக்கட்டடத்திலேயே, அக்குடும்பங்களுக்கு நடுவிலேயே குடியிருக்க வேண்டும். வைத்தியர் குழந்தைகளைப் பார்ப்பார். ஒவ்வொரு குழந்தையின் உயரமும் நிறையும் தவறாமல் அளந்து, அதற்குரிய ஏட்டிற் பதியப்படும். தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் குழந்தை அங்கே பத்திரமாயிருக்கும். எந்நேரமும் எந்தத் தாயும் உள்ளே வந்து பார்க்கலாம். இலவசமாய் நடப்பதாயினும், அது பிச்சையாக நடக்கவில்லை. ஏழைப் பெற்றோரிடமும் கடமையை எதிர்பார்த்தது. நம் நாட்டில் இலவசப் பள்ளிகளை நடத்துவோர் பெற்றோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் வழக்கத்தைப் பார்க்கும்போது, இவ்வேற்பாடு எவ்வளவு மரியாதையுடையது என்பது விளங்கும்.

அறிவு குன்றிய குழந்தைகளுக்காகத் தாம் செய்திருந்த கருவிகளையே அம்மையார் இங்கும் கொண்டுவந்து வைத்தார். செல்வச் சீமாட்டிகள் சிலர் அழகிய பொம்மைகளையும் அனுப்பினர். குழந்தைகள் பொம்மைகளை ஒதுக்கிவிட்டுக் கருவிகளையே நாடினர். ஒரு நாள், மூன்று வயதுள்ள ஒரு சிறுமி, மரச்சட்டத்தின் குழிகளில் அளவறிந்து உருளைக் கட்டைகளைப் பொருத்தி எடுத்துப் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் அதே வேலை. நாற்பது தடவைக்கு மேல் செய்து, பிறகு தானாகவே நிறுத்தி, தூங்கி விழித்தவள்போல் முகமலர்ந்து சுற்றிலும் பார்த்தாள். சிறு குழந்தைக்குக் கவனம் நில்லாது என்று பெரியவர்கள் சொல்லிவந்தது பொய்யாயிற்று.

மற்றொரு நாள் ஆசிரியை வர நேரமாயிற்று. அலமாரி திறந்து கிடந்தது. குழந்தைகள் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே எடுத்து வேலையில் அமர்ந்திருந்தனர். ஆசிரியை இதனைத் திருட்டென்றெண்ணினாள். அம்மையார் அப்படி எண்ணவில்லை; தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க அறிந்த குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் அலமாரி எதற்கு என்று, கைக்கெட்டும் திறந்த தட்டுகளை அமைக்கச் சொன்னார். இவருடைய முறையின் முக்கிய அம்சங்கள் பலவும் இவ்வாறு குழந்தைகளிடமிருந்தே கிடைத்தவை.

எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் முதலில் அம்மையாருக்கு இருக்கவில்லை. கேட்டவர்கள் எழுத்தறியாத தாய்மார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து, மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமென்று மன்றாடினர். அதன்மேல் அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, அதன் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவச் செய்தார். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலிலே விரலால் எழுதவைத்த வழக்கத்தோடு இது ஒத்திருப்பதை நேயர்கள் தாமே காண்பர். சில வாரங்கள் சென்றன. டிசம்பர் மாதத்தில் வெயிலடித்த ஒரு நாள் எல்லோரும் மொட்டைமாடியில் இருந்தனர். ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணாம்புக் கட்டி ஒன்றைக் கொடுத்து, எதிரேயிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்து முடித்தான். அதன்பின் அருகிலேயே, எவரும் சொல்லாமல், கை என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லை எழுதினான். தான் எழுதிவிட்டதைக் கண்டு ஆரவாரம் செய்தான். மற்றவர்கள் ஓடிவந்து சுண்ணாம்புக் கட்டிக்குக் கை நீட்டினர். அடுத்த சில நாட்களில் தரை, கதவு, சுவரெங்கும் எழுத்து. எந்தச் சுவரைக் காப்பாற்ற அவ்வறை ஏற்பட்டதோ அந்தச் சுவரில் இப்போது அக்குழந்தைகள் சொற்களை எழுதினர்!

செய்தி பரவிற்று. மார்கெரித்தா ராணியும் வந்து கண்டார். ஒருமுறை அர்ஜென்டினா தேசத்து ஸ்தானிகர் முன்னறிவிப்பின்றி வந்தாராம். அன்று விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் வாயிற்காவலரிடம் சாவி வாங்கித் திறந்து, ஆசிரியை இல்லாமலே வேலையில் அமர்ந்து காட்டினர் என்று அம்மையார் பின்னாளில் எழுதினார். 1907 ஏப்ரலில் அதே பகுதியில் இரண்டாம் இல்லம். மறுவருஷம் மிலான் நகரத் தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று. 1908 டிசம்பர் 28-இல் மெஸ்ஸினா நகரம் பூகம்பத்தால் அழிந்தபோது, அநாதைகளான குழந்தைகள் ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டு, ஜியுஸ்தி வீதியிலிருந்த கன்னிமாடத்தில் வைக்கப்பட்டனர். உண்ணாமலும் பேசாமலும் இருந்த அக்குழந்தைகளுக்கும் இம்முறையிலேயே ஓர் இல்லம் ஏற்பட்டது. மேஜையைத் துடைத்தல், தட்டு வைத்தல், பரிமாறுதல், பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடுதல் முதலிய சிறு வேலைகளினூடே அவர்கள் மீண்டும் சிரிக்கத் தொடங்கினர். 1909-இல் அம்மையார் தம் முறையைப் பெரும் நூலாக வெளியிட்டார். அது விரைவில் பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டது.

இதுகாறும் சொன்னவையெல்லாம் ஏழைகளின் கதை. இனி, அது எவ்விதம் செல்வர் கைக்குப் போயிற்று என்பதையும் பார்ப்போம். சில ஆண்டுகளிலேயே தாலமோவின் கம்பெனியோடு அம்மையாருக்கு இருந்த உறவு முறிந்தது. ஸான் லொரென்ஸோவில் அவர் மேற்பார்வை நின்றது. அவர் வைத்தியத்தையும் சர்வகலாசாலைப் பதவியையும் விட்டு, ஆசிரியர்ப் பயிற்சியையும் நூல்களையும் கருவிகளையும் கொண்டே ஜீவிக்கலானார். கருவிகளுக்குத் தனியுரிமை பெற்றார். தம்மிடம் பயின்றவரன்றி வேறெவரும் ஆசிரியர்களைப் பயிற்றக் கூடாதென்றார். முறை கெட்டுப்போகாமல் இருக்க இது வேண்டியதென்பது அவர் கட்சி. ஆயினும், ரோமாபுரிக்கு வந்து பயிலவும், விலையுயர்ந்த கருவிகளை வாங்கவும் யாரால் முடியும்? 1911-இல் அமெரிக்காவின் முதல் மாண்டிசோரி வகுப்பு நியூயார்க்குக்கு அருகே டாரிடவுனில், பணம் படைத்தவர் மக்களுக்கென ஏற்பட்டது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் குடும்பத்தார் வாஷிங்டனில் தம் வீட்டிலேயே ஒரு வகுப்பு நடத்தினர். 1913-இல் அம்மையார் அமெரிக்கா சென்றபோது ராஜோபசாரம் கிடைத்தது. 1915-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ கண்காட்சியில், கண்ணாடிச் சுவரிட்ட ஒரு வகுப்பறையில் குழந்தைகள் வேலை செய்வதை ஜனங்கள் கூட்டங் கூட்டமாய் நின்று பார்த்தனர். அநாதைகளுக்கும் கூலிக்காரர் மக்களுக்கும் உண்டானது வேடிக்கைப் பொருளாயிற்று. அம்மையாரின் கண்டிப்பும் இதற்கு ஒரு காரணமென்றே நாம் எண்ணுகின்றோம்.

1912-இன் இறுதியில் தாயார் இறந்தார். மறுவருஷம், பதினைந்து வயதான மரியோவைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். ஊராரிடம் தம் உறவினப் பிள்ளை என்றே சொல்லிவந்தார். அதுமுதல் இறுதிநாள் வரை மரியோவே அவருக்கு வலக்கையாய் இருந்தான்.

பின்னிருபது ஆண்டுகளை விரைவாகக் கடப்போம். பார்ஸிலோனா நகரிலே வெகுகாலம் வசித்தார். 1924 முதல் முஸோலினி சர்க்கார் இவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. இவரும் அவ்வாதரவை ஏற்றார். தாமே எண்ணித் தாமே தேர்ந்தெடுக்கும் குழந்தைகளை வளர்க்கும் முறைக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் எப்படிப் பொருந்தும் என்று அப்போதே கேட்டவருண்டு. பொருந்தவில்லை, 1934-இல் உறவு முறிந்து, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நாஜிகள் மூடினர். 1936-இல் ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போர் அவரைப் பார்ஸிலோனாவிலிருந்தும் துரத்த, ஹாலந்தில் அடைக்கலம் புகுந்தார்.

நம் நாட்டில் அவர் பெயர் இதற்கு முன்பே பரவியிருந்தது. கூர்ஜரத்துப் பவநகரில் கிஜுபாய் பதேகா என்பவர் 1920-இல் பாலமந்திரம் அமைத்து, இம்முறையை நம் குழந்தைகளின் பேச்சுக்கும் பாட்டுக்கும் கதைக்கும் இணங்க மாற்றி நடத்தினார். 1931-இல் காந்தியடிகள் லண்டனில் அம்மையாரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியிற் பேசினார். பணக்காரர் மக்களுக்கு மாத்திரமின்றிப் பரம ஏழைகளின் மக்களுக்கும் இப்பயிற்சி கிடைக்க வேண்டுமென்ற தம் ஆசையை அங்கே வெளியிட்டார்.

1939 நவம்பரில், பிரம்மஞான சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின்பேரில், அறுபத்தொன்பது வயதில் அம்மையார் மரியோவோடு சென்னைக்கு வந்தார். கிஜுபாய் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காலமாகிவிட்டார். இருவரும் சந்திக்கக் கொடுத்துவைக்கவில்லை. அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய பாஷையிற் பேச, மரியோ இங்கிலீஷில் மொழிபெயர்ப்பார். இதே அடையாற்றில்தான் 1894-இல் கர்னல் ஆல்காட், அந்நாளில் பஞ்சமரென்று ஒதுக்கப்பட்டோரின் மக்களுக்கு இலவசப் பள்ளி திறந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

சில மாதங்கள் தங்கிப் போக எண்ணி வந்தவரை யுத்தம் நிறுத்திவிட்டது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும், மரியோ சத்துரு தேசத்தவனாக அகமத்நகரில் காவலில் வைக்கப்பட்டான். அம்மையார் அடையாற்று எல்லைக்குள்ளேயே இருக்க உத்தரவாயிற்று. ஆகஸ்டு 31-ஆம் தேதி அவருக்கு எழுபது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதிற் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக உலகத்தார்முன் அம்மையாரால் சொல்ல முடியாதிருந்த அந்த ஒரு சொல்லை, அந்நிய சர்க்காரின் தந்தியொன்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

பிறகு கோடைக்கானலில் சில ஆண்டுகள் வசித்தார். அங்கே பல தேசத்துக் குழந்தைகளோடு, இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன துணைசெய்ய, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்க்குரிய கல்வியை ஆராய்ந்தார். புழு, பூச்சி, இலை, கல் எல்லாம் பாடங்களாயின. பிறந்தது முதல் மூன்றாண்டுகளுக்குள் குழந்தையின் மனம் தன்னைச் சூழ்ந்தவற்றைத் தன்னிலேயே ஈர்த்துக்கொள்ளும் என்னும் அவருடைய பிற்காலக் கொள்கையும் இந்நாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலே உருப்பெற்று, 1949-இல் அடையாற்றில் நூலாக வெளிவந்தது. இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, மறுவருஷம் மீண்டும் வந்து, 1949-இல் இறுதியாகப் பிரிந்தார்.

இங்கே நாம் சிறிது நின்று நம் காரியத்தைப் பேசுதல் வேண்டும். நம்முடையது போன்ற சங்கங்கள் தொடக்கமுதலே ஹாஸ்டல் கட்டுவதிலும், கல்லூரி மாணவர்க்கு உபகாரச் சம்பளம் தருவதிலும் ஊக்கங்காட்டி வந்துள்ளன. அது நல்ல காரியமே. ஆனால், பதினேழு வயதில் உபகாரச் சம்பளம் கேட்டு வருபவன் அதுவரை தப்பிப் பிழைத்து வந்தவன். கடையிலும் ஆலையிலும் வயலிலும் கூலிக்கு நிற்கும் நம் குலத்து ஏழைத் தாய்மார், நான்கு வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்கின்றனர் என்று எந்தச் சங்கத்தின் நிர்வாக சபை கேட்டது? செல்வம் படைத்த நம்மவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் சம்பளங் கட்டிப் பெறுவது, முதலில் ஒண்டுக்குடித்தனக் குழந்தைகளுக்கு இலவசமாய்க் கிடைத்த பொருள். அதை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப் பெருங் கட்டடம் வேண்டியதில்லை. கிஜுபாயோடு வேலை செய்த தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் போர்டி என்னும் கடற்கரைக் கிராமத்துக்குச் சென்று, பள்ளிக்கு வாராத குழந்தைகளின் குடிசை முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக விதை, சிப்பி, கூழாங்கல், ஓலை இவற்றையே பயன்படுத்தினார். அவர் வழங்கிய அங்கன்வாடி என்ற பெயரே, 1975 அக்டோபர் 2-இல் இந்திய சர்க்கார் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்களுக்கும் வழங்கலாயிற்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் கொண்டுவரப்பட்ட செயல்வழிக் கற்றலிலும் மாண்டிசோரி அம்மையாரின் கருவிகளுக்குப் பங்குண்டு. நம்மவர் குடியிருக்கும் தெருவில் அங்கன்வாடி இருக்குமாயின், அதற்குச் சுவரும் தண்ணீரும் சரியாயிருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சங்கத்துக்கு எவ்வளவு பணம் பிடிக்கும்?

அம்மையார் கடைசி ஆண்டுகளை ஹாலந்திற் கழித்தார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6-ஆம் தேதி, நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில், ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பதைப் பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்த அன்றே, எண்பத்தொன்றாம் வயதில் உயிர்நீத்தார். அவ்வூர்க் கத்தோலிக்க மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் மரண சாசனத்தில் மரியோவை மகன் என்றே குறித்திருந்தார்.

இத்தாலிய சர்க்கார் 1990-இல் ஆயிரம் லீரா நோட்டில் அவருடைய உருவத்தைப் பொறித்தது. பின்புறத்திற் பாடம் படிக்கும் குழந்தைகளின் சித்திரம். அந்நாளில் அந்நாட்டில் வழங்கிய நோட்டுகளில் அதுவே மிகச் சிறியது. 2002-இல் லீரா நாணயம் மறையும்வரை, ரொட்டி வாங்கவும் வண்டிக் கூலி கொடுக்கவும் ஏழையெளியோர் கையிற் புழங்கிவந்தது.